ரெண்டம்மா மெஸ்

இளவழகன்: …அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்ணா. நாலு மணிக்குள்ள எங்கம்மா பேசோணும், நீங்க அதை ரெக்கார்டு பண்ணி கம்பெனிக்கு அனுப்பிப்போடோணும். அவ்வளவுதான்.

தனசேகர்: மொதல்ல உக்காருங்க இளவழகு. சாரதாக்கா, நீங்களும் உக்காருங்க. ஃபேனு போடட்டுங்களா?

சாரதாமணி: ஃபேனு போட்டா மைக்குல உய்யுனு வரும். இருவது வருசமா இந்த ரூமுக்கு வந்துட்டுப் போறேன், எனக்கே பாடமா? போடாத.

இளவழகன்: ம்மா, நாம ஒண்ணும் ஒறம்பரையா விருந்துக்கு வரலை.

சாரதாமணி: நானும் பலகாரம் கேக்கலையேடா.

தனசேகர்: தண்ணியாச்சும்…

இளவழகன்: தண்ணியெல்லாம் வேண்டாம். ஏனுங்ணா, திருச்செங்கோட்டுல நகைக்கடை தொறந்தா எங்கம்மா. தேர் ஓடுனா எங்கம்மா. ஆராச்சும் செத்துப்போனா, அந்தத் தாக்கல் சொல்றதும் எங்கம்மாதான். ஆட்டோவுல மைக்கைக் கட்டி ஊரு பூரா கேட்ட குரலு. அந்தக் குரலைக் கொண்டுபோயி எங்க வெச்சிருக்கறீங்க நீங்க?

தனசேகர்: போனுல ஆடற லாரி கேமுலதானுங்க.

இளவழகன்: லாரி கேமுன்னு சொல்லித்தான் கூப்பிட்டீங்க. அந்தக் கேமுல ஓமலூர் தாண்டி ஒரு மெஸ் வருதே. அதும் பேரென்ன?

தனசேகர்: ரெண்டம்மா மெஸ்.

இளவழகன்: அந்த ரெண்டம்மாளும் ஆரு?

தனசேகர்: மெஸ் நடத்தறவங்க.

இளவழகன்: அப்புறம்?

தனசேகர்: சோறு போடறவங்க.

இளவழகன்: சொல்லுங்க. எங்கம்மா மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

தனசேகர்: ஒண்ணா இருக்கறவங்க.

இளவழகன்: ஒண்ணான்னா? பங்காளியா, கூட்டு யாவாரமா?

தனசேகர்: உங்களுக்குத்தான் தெரியுமுங்களே.

இளவழகன்: எனக்கு மட்டுமா தெரியும்? நாமக்கல் ஜில்லாவுக்கே தெரியும்! இங்க ஊட்டுக்கு ஒரு லாரி, லாரிக்கு ரெண்டு பசங்க. அத்தனை பேரும் ஆடறது இந்தக் கேமுதான். பத்தாவது ட்ரிப்புல அந்த ரெண்டு பொம்பளைங்களும் மாலை மாத்திக்கறாங்க. புருசன் பொண்டாட்டியாட்ட! ரோட்டுல நிக்கற லாரி பூரா ஆரன் அடிக்குது. அதுல ஒருத்தி, எங்கம்மா குரல்ல, “நீயில்லாத ஊட்டுல எனக்கென்னடி வேலை”ங்கறா…

சாரதாமணி: மொள்ளப் பேசுடா. பக்கத்துல ஜெராக்ஸ் கடைக்காரன் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்பான்.

இளவழகன்: இனி எவன் கேட்டா என்ன? எனக்குப் பாத்திருக்கற பொண்ணு கிருத்திகாவோட மாமன் முருகானந்தம் ஊட்டுலயே கேட்டாச்சு. அவரு பையன் போனுல போட்டிருக்கான், ஊடே சுத்தி நின்னு கேட்டிருக்குது. “இது நம்ம சம்பந்தியம்மா குரலாச்சே”ன்னு சமையக்காரி சொல்லிருக்கறா. வர்ற ஞாயித்துக்கெழமை நிச்சயம்! எப்படி இருக்கும் எனக்கு?

தனசேகர்: புரியுதுங்க.

இளவழகன்: உங்களுக்கு ஒரு மண்ணும் புரியாது. கம்பெனிக்காரன் என்ன மெயில் போட்டிருக்கான்? அதைச் சொல்லுங்க எங்கம்மாகிட்ட.

தனசேகர்: அக்கா, புது அப்டேட்டு இன்னிக்கி நாலு மணிக்கு உடறாங்க. அதுக்குள்ள நீங்களே, உங்க குரல்லயே, “எடுத்துருங்க”ன்னு பேசி அனுப்புனா எடுத்துருவாங்களாம். இதைத் தவறவுட்டா அடுத்தது மூணு மாசம் கழிச்சுத்தான்.

சாரதாமணி: என்ற குரலை மட்டும் எடுப்பாங்களா?

தனசேகர்: ஒருத்தர் பேச இன்னொருத்தர் ஊமையா நிக்க முடியாதுல்லீங்க. தமிழ் கேமுல அந்த ரெண்டு பேரையுமே எடுத்துருவாங்க. மெஸ்ஸு ஷட்டரு சாத்திக் கெடக்கும். லாரி நிக்காமப் போயிரும்.

இளவழகன்: போவட்டும். பசிச்சா பரோட்டாக் கடையில நிக்கட்டும். இந்தாம்மா, எழுதிக் கொண்டாந்திருக்கறேன். நாலே வரி. படி.

சாரதாமணி: கண்ணாடி எடுத்தாரலை. நீயே படி.

இளவழகன்: “நான் சாரதாமணி பேசுகிறேன். இந்த விளையாட்டில் வரும் பெண் இப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரியாது. என்னை ஏமாற்றிப் பேச வைத்துவிட்டார்கள். என் குரலை உடனே நீக்குங்கள்.” முடிஞ்சுது.

தனசேகர்: “ஏமாற்றி”ங்கறது… நானுங்களா?

இளவழகன்: பின்னே நானா?

தனசேகர்: அது கம்பெனிக்குப் போச்சுன்னா எனக்கு இனிமே ஒரு வேலை வராதுங்க. இந்த ரூமைப் பூட்ட வேண்டியதுதான்.

இளவழகன்: எனக்கு நிச்சயமே நின்னுபோற நெலமை. உங்க ரூமு பெருசாப் போச்சா?

தனசேகர்: இன்னொரு வழி இருக்குதுங்க. ஒம்போது வரிய மாத்திப் பேசுனா, ரெண்டு பேரையும் அக்கா தங்கச்சி ஆக்கிரலாம்னு கம்பெனியில ஒருத்தரு சொன்னாரு. வரியெல்லாம் தயாரா அனுப்பிட்டாங்க.

சாரதாமணி: எங்க, படி பாக்கலாம்.

தனசேகர்: “அக்கா, நீ சாப்பிடாம நான் ஒருநாளாச்சும் சாப்பிட்டிருக்கறனா?”

இளவழகன்: இது பரவால்லையே.

தனசேகர்: “உன்ற கையைப் புடிச்சாத்தான் எனக்குத் தூக்கமே வருது, அக்கா.”

சாரதாமணி: த்தூ!

இளவழகன்: ஏம்மா?

சாரதாமணி: எவடா அக்காளைப் பாத்து இப்படிப் பேசுவா? எனக்கும் ஒரு அக்கா இருக்கறா வாழப்பாடியில. அவ கையைப் புடிச்சா எனக்குத் தூக்கமா வரும்? சண்டைதான் வரும்.

தனசேகர்: மாலை மாத்தறதை, கோயில் மாலைய ஆளுக்கொண்ணு போட்டுக்கறாப்புல…

சாரதாமணி: அக்கட்டால வெய்யி அதை. இதுக்கு ஷட்டரே சாத்திப்போடலாம்.

இளவழகன்: நானும் அதுதானுங்க சொல்றேன். மாமனுக்கு அக்கா தங்கச்சிக் கதையெல்லாம் எடுபடாது. “ஏமாத்திப்போட்டாங்க”ன்னு ஒரு வார்த்தை அவர் காதுல உழுவோணும். அதை வெச்சுத்தான் அவரு சொந்தபந்தத்துக்குப் பதில் சொல்லுவாரு. இருங்க… அவருதான் கூப்பிடறாரு. ஹலோ மாமா! ஆமாங்க மாமா, ஸ்டுடியோலதான்… கேக்கலீங்க மாமா, டவர் இல்ல… ம்மா, வெளிய போயிப் பேசிட்டு வாரேன். அதுக்குள்ள நாலு வரியையும் மனப்பாடம் பண்ணிப்போடு.

சாரதாமணி: கதவைச் சாத்து.

தனசேகர்: அக்கா, அவரு சொல்றது நெசந்தானுங்க.

சாரதாமணி: எது?

தனசேகர்: நான் ஏமாத்தித்தான் பேச வெச்சேன். ஒவ்வொரு பேப்பர்லயும் மேல ஒரு பத்தி இருந்துச்சுங்க, இவ ஆரு, எதுத்தாப்புல இருக்கறவ இவளுக்கு என்ன வேணும்னு. அதை மடிச்சு கிளிப்பு போட்டுத்தான் உங்க கையில குடுத்தேன். வரியும் மேல கீழ கலைஞ்சு கெடக்கும், கேமுக்கு அப்படித்தான் எடுக்கறது. உங்களுக்குத் தெரிய வராதுன்னு நெனச்சேன்.

சாரதாமணி: எதுக்குடா மடிச்ச?

தனசேகர்: உங்களுக்கு முந்தி மூணு பேரைக் கூட்டியாந்தேன். பத்தியைப் படிச்சாங்க, பேப்பரை வெச்சாங்க, செருப்பை மாட்டுனாங்க. ஒரு பாட்டு டீச்சரு, “எங்களையெல்லாம் என்னன்னு நெனச்சுக் கூப்பிட்டீங்க”ன்னு கேட்டுப்போட்டுப் போனாங்க. நீங்களும் எந்திரிச்சுப் போயிட்டா… எனக்கு வேற ஆளில்லைங்க. அதான். நீங்க தாராளமா அந்த நாலு வரியைச் சொல்லுங்க. பொய்யில்ல. உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் வராது.

சாரதாமணி: வருத்தம் வராதாமா! இருவது வருசப் பழக்கத்துக்கு நல்ல சர்டிபிகேட்டுடா சாமி.

தனசேகர்: திட்டுங்க. வாங்கிக்கறேன்.

சாரதாமணி: திட்ட நேரமில்ல. கேக்கறதுக்கு பதில் சொல்லு. ஊரு அவ்வளவும் காறித் துப்புதா அந்த மெஸ்ஸை?

தனசேகர்: பாதிப் பேரு துப்பறாங்க. மீதிப் பேரு… ஒண்ணு படிக்கட்டுங்களா? கேமுக்குக் கீழ எழுதுனது.

சாரதாமணி: படி.

தனசேகர்: “நான் லோடு ஏத்தாமயே இந்த மெஸ்ஸு முன்னால வண்டிய நிறுத்திட்டு, ரெண்டம்மாளும் பேசறதைக் கேட்டுக்கிட்டே இருப்பேன். எனக்கும் ஒருத்தன் இருக்கான். லாரிக்குக் கிளீனரா வந்தவன். எங்களையாட்ட ஆளுக கேமுல வந்தா காமெடிக்குத்தான் வருவாங்க, இல்லாட்டி அடி வாங்க வருவாங்க. இவிய சோறு போடறாங்க. அது நெம்பப் புடிச்சிருக்குது.”

சாரதாமணி: பேரு போட்டிருக்கறானா?

தனசேகர்: இல்லீங்க. பேருக்குப் பதிலா ஒரு லாரி நம்பரு.

சாரதாமணி: பாவி மவன். சாப்பிட்டானோ என்னமோ.

தனசேகர்: அக்கா?

சாரதாமணி: ஒண்ணுமில்ல. எதுத்தாப்புல பேசுன அந்தம்மா… அவளுக்கு இந்தத் தாக்கல் தெரியுமா?

தனசேகர்: இன்னும் சொல்லலீங்க. எப்படிச் சொல்றதுன்னே தெரியலை. அவிய பள்ளிபாளையம், வேற நாளு தனியா வந்து பேசிட்டுப் போனாங்க. அங்க ஒரு தறிப் பட்டறையில வேலை. கோயில் விசேசத்துல மைக்குல பேசுவாங்க, அப்படித்தான் புடிச்சேன். தனியாளு. கல்யாணமே கட்டலை.

சாரதாமணி: கட்டவே இல்லையா?

தனசேகர்: இல்லையாமுங்க. பக்கத்து ஊட்டுப் புள்ள போனை வாங்கி, தெனமும் சாயங்காலம் அந்த மெஸ்ஸைப் போட்டுக் கேக்கறாங்களாம். அவிகளுக்குக் கேமுல வண்டி ஓட்டத் தெரியாதுல்ல, அந்தப் புள்ள ஓட்டிக் கொண்டுபோயி நிறுத்திக் குடுக்குமாம்.

சாரதாமணி: அவகூடப் பேசுனது ஆருன்னு… உன்கிட்டக் கேட்டாளா?

தனசேகர்: கேக்கலீங்க.

சாரதாமணி: கேக்கவே இல்லையா?

தனசேகர்: பேரு, ஊரு ஒண்ணும் கேக்கலை. ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. “பேசறப்ப மூச்சு வாங்குதே அந்தம்மாளுக்கு, ஒடம்பு கிடம்பு நல்லாயிருக்குதா”ன்னாங்க.

சாரதாமணி: நீ என்ன சொன்ன?

தனசேகர்: சக்கரை இருக்குது, படியேறுனா இரைக்கும்னேன்.

சாரதாமணி: அதை எதுக்குடா சொன்ன? கூறுகெட்டவனே! வெசனப்பட்டுக்கிட்டு உக்காந்திருப்பா… உக்காந்திருப்பாங்கல்லொ.

தனசேகர்: எதுக்குங்கக்கா கண்ணைத் தொடைக்கறீங்க?

சாரதாமணி: ஃபேனு போடாம வேர்க்குது. கதவைத் தொற, வாரான்.

இளவழகன்: ம்மா, மணி மூணே முக்கால். மாமன் லைன்லயே இருக்காரு.

சாரதாமணி: லைன்லயா?

இளவழகன்: நீ பேசறதை நேருல கேக்கோணுமாம். ஸ்பீக்கர் போட்டு மைக்குப் பக்கத்துல வெச்சர்றேன். அவரு ஒண்ணும் பேச மாட்டாரு, கேப்பாரு, அவ்வளவுதான். மாமா, ஒரு நிமிசமுங்க… அம்மா உக்காந்துட்டாங்க.

தனசேகர்: போனு பக்கத்துல இருந்தா கரகரங்கும்…

இளவழகன்: கரகரங்கட்டும். நீங்க பட்டனை அமுத்துங்க.

தனசேகர்: அக்கா?

சாரதாமணி: அமுத்து.

தனசேகர்: ஓடுதுங்க.

சாரதாமணி: நான் சாரதாமணி பேசுகிறேன். இந்த விளையாட்டில் வரும் பெண்… பெண் இப்படிப்பட்டவள் என்று… நிறுத்து.

இளவழகன்: ஏம்மா? நல்லாத்தானே வந்துச்சு!

சாரதாமணி: அந்தத் தண்ணிய எடு. இளவழகு, அந்தப் போனோட வாயைப் பொத்திப் புடி. உன்கிட்ட ஒண்ணு கேக்கோணும்.

இளவழகன்: இப்பவா?

சாரதாமணி: இப்பத்தான். உனக்குக் கிருத்திகாவைப் புடிச்சிருக்குதா?

இளவழகன்: என்னம்மா கேள்வி இது? புடிச்சதுனாலதான இப்படி நாயா அலையறேன்.

சாரதாமணி: அந்தப் புள்ளைக்கு?

இளவழகன்: புடிச்சிருக்குது.

சாரதாமணி: அவளா சொன்னாளா, மாமன் சொன்னாரா?

இளவழகன்: அவளேதான். நேத்துக்கூடப் பேசுனா. மாமன் கத்தறப்பல்லாம் அவதான் சமாதானம் சொல்றா.

சாரதாமணி: கேமைப் பத்தி என்ன சொல்றா?

இளவழகன்: அது எதுக்கு உனக்கு?

சாரதாமணி: சொல்லு.

இளவழகன்: அவளும் ஆடறா. மாலை மாத்தற எடத்துல அழுதுட்டாளாம். போதுமா? ம்மா, நான் உன்னையெ ஒரு குத்தமும் சொல்லலை. கேட்டதுக்கு நீதான, “எனக்கென்ன தெரியும், குடுத்ததைப் படிச்சேன்”னு சொன்ன? அதையேதான் இங்கயும் சொல்லச் சொல்றேன். அப்பா போனதுல இருந்து உன்கிட்ட ஏதாச்சும் கேட்டிருக்கறனா? இது ஒண்ணே ஒண்ணு. ஒரே ஒரு வார்த்தை.

சாரதாமணி: நீ ஒண்ணும் கேட்டதில்ல. தங்கமான புள்ள நீ. அதுதான் எனக்கு நடுங்குது.

தனசேகர்: அக்கா, எனக்காகன்னு யோசிக்காதீங்க. சொல்லிருங்க. பத்து நிமிசந்தான் இருக்குது.

இளவழகன்: பாரு, அவரே சொல்றாரு. மாமா, லைன்ல இருக்கறீங்களா? இதோ, இப்பப் பேசிருவாங்க.

சாரதாமணி: காகிதத்தை எடுத்துரு.

இளவழகன்: மனப்பாடம் ஆயிருச்சா?

சாரதாமணி: நெம்ப நாளைக்கு முந்தியே ஆயிருச்சு. தனசேகரு, அமுத்துடா.

தனசேகர்: ஓடுதுங்கக்கா.

சாரதாமணி: நான் திருச்செங்கோடு சாரதாமணி பேசறேன். கம்பெனிக்காரங்களும் கேளுங்க, சம்பந்தி நீங்களும் கேளுங்க. தனசேகரு காகிதத்தை மடிச்சுக் குடுத்தது நெசம். மொத நாளு எனக்கு ஒண்ணும் தெரியாததும் நெசம். ரெண்டாம் நாளு, பேச்சு அளவு புடிக்கறதுக்குன்னு எதுத்தாப்புல பேசறவ குரலை என்ற காதுல போட்டு உட்டான். ரெண்டு வார்த்தைதான் கேட்டேன், அது கோகிலவாணி. பள்ளிபாளையத்துக் கோகிலவாணி. கண்ணாலத்துக்கு முந்தி நானும் அவளும் தறிக்குப் போயிக்கிட்டு, ஆத்தோரமா ஒரே ரூமுல ரெண்டு வருசம் குடியிருந்தோம். சிநேகிதிங்கன்னு ஊருக்குச் சொன்னோம். சிநேகிதி இல்ல, அதுக்கு மேல. எங்கப்பன் ஆளுங்களோட வந்து என்னையெ இழுத்துட்டுப் போறப்ப, அவ தெருவுல நிக்கறா, நாலு பெரிய மனுசங்க என்னையெக் கேட்டாங்க. “அவதான் என்னையெ ஏமாத்திக் கூட்டியாந்தா”ன்னு சொன்னேன். அவ கேக்கத்தான் சொன்னேன். அதுக்கு மேல முப்பத்திரெண்டு வருசம் அவகூட ஒரு வார்த்தை பேசலை நான், இந்த ரூமுல பேசுனதுதான். எனக்குத் தெரிஞ்சேதான் பேசுனேன், ஆரும் என்னையெ ஏமாத்தலை. என்ற குரலை எடுக்காதீங்க. ரெக்கார்டு ஆச்சா தனசேகரு? ஆவலைன்னா சொல்லு, மொதல்ல இருந்து பேசறேன்.